மாவாலைக்காரியின் அறிக்கை

ஒன்பது பக்கம் வந்திருக்கிறது
என் குடலைப் பற்றி.
என்னைப் பற்றி இவ்வளவு நீளமாய்
இதுவரை யாரும் எழுதியதில்லை.

மூன்று வருசமாய்ப் பெரியாஸ்பத்திரி
ஒரே வரியில்தான் சொன்னது:
தைரொயிட் நோமல், ஓய்வெடுங்கோ.
நோமலான நான்
சித்திரை வெயிலில் சுவெட்டர் போட்டுக்கொண்டு
சீனன்குடா மாவாலையில்
எடைமேடைக் கூண்டுக்குள் இருந்தேன்.
லொறி ஏறும். இலக்கம் நடுங்கும். பிறகு நிற்கும்.
சீப்பில் சேர்ந்த தலைமயிர்
ஒரு குருவி கூடு கட்டப் போதும்.
நாலு நாளைக்கு ஒருக்கால்தான்
வயிறு மனமிரங்கும்.

கிண்ணியாக்காரி நிஸ்மியா, பக்கத்து மேசை,
அவள்தான் சொன்னாள்:
கொழும்பில் ஒரு டொக்டர் இருக்கிறாவாம்,
ஃபோனில் முகம் பார்த்துக் கதைப்பாவாம்,
வேரைத் தோண்டுவாவாம்.
தோண்டினா, ஒன்றரை மணித்தியாலம்.
சின்னனில் எத்தனை தரம் அன்ரிபயோட்டிக் குடித்தீர்கள்?
இடம்பெயர்ந்த வருசம் எந்தக் கிணற்றுத் தண்ணீர்?
பயம் வந்தால் முதலில் எங்கே வலிக்கும்?
கடைசிக் கேள்விக்கு
பதில் சொல்லாமல் வயிற்றில் கை வைத்தேன்.
அதையும் எழுதிக்கொண்டா.

பிறகு பெட்டி வந்தது.
மூன்று குப்பி, கையுறை, பல்லி நீளத்தில் ஒரு கரண்டி.
மூன்று விடியல் சேர்த்ததை
குளிர்ப்பெட்டியில் சூடைமீன் பைக்குப் பின்னால் வைத்தேன்.
யோகச்சந்திரன் அந்தக் கதவைத் தொடவே இல்லை,
தண்ணீரைச் சுடச்சுடக் குடித்துத் திரிந்தார்.

கூரியர் பெடியன் லஹிரு படிவத்தை நீட்டினான்.
பொருளின் பெறுமதி என்று ஒரு கட்டம்.
கட்டிய காசு ஒன்றரை மாதச் சம்பளம்.
உள்ளே இருப்பதோ...
பூச்சியம் என்று எழுதினேன்.
வெளியே பஸ் நிலையத்தடியில்
புள்ளிமான்கள் லஞ்ச்சீற் மென்றுகொண்டு நின்றன.
அவற்றின் குடலுக்கு யார் எழுதுவது ஒன்பது பக்கம்.

அறிக்கையில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள்.
இருக்கவேண்டிய கிருமிகளைக் காணோம்,
இருக்கக்கூடாதவை குடும்பத்தோடு.
எதிர்ப்பொருள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
"உடம்பு தன்ர சுரப்பியையே
அந்நியமெண்டு நினைச்சு அடிக்குது" என்றா.
அவ நினைத்ததை விடக் கூடவே விளங்கியது எனக்கு.
சொந்த ஒழுங்கை முகப்பிலேயே
அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு
என் கழுத்துக்குள் நிற்கிறது அது.
எல்லாம் முடிந்துவிட்டதென்று
அந்தச் சாவடிக்கு மட்டும்
இன்னும் யாரும் சொல்லவில்லைப் போல.

ஏழாம் பக்கம்:
கோதுமை தவிர்க்கவும்.

சிரித்தேன். இமையிலிருந்து மா உதிர்ந்தது.
துறைமுகத்தில் இரண்டு கப்பல் கோதுமை.
பதினாலு வருசமாய் வீட்டு வாடகை கோதுமை,
மகளின் ரியூசன் காசு கோதுமை,
இந்தப் பரிசோதனைக்குக் கட்டியதும் அதுதான்.
பின்னேரம் ஐந்து மணிக்கு
உப்புவெளி பேக்கரியடியில் பஸ் நிற்கும்போது
மூச்சையும் தவிர்க்கவேண்டுமா டொக்டர்?

"தின்னாதே எண்டுதானே கிடக்கு,
நிறுக்காதே எண்டில்லையே" என்றாள் நிஸ்மியா.

ஆறு மாதம் குரக்கன், மோர், அரிசிமா இடியப்பம்.
பெரியாஸ்பத்திரியும் மனம் மாறி
சின்ன வெள்ளைக் குளிசை ஒன்று தருகிறது,
விடிய வெறுவயிற்றில்.
எது என்ன செய்கிறதென்று
இனிப் பிரித்து எழுத முடியாது.

திரும்ப இரத்தம் கொடுத்தேன்.
ஐந்நூற்று எண்பத்தெட்டு.
நல்ல முன்னேற்றம் என்றா டொக்டர்.
இருபத்துநாலு.
என் எடைமேடையில் இருபத்துச் சொச்சம்
கடற்காற்று அடித்தாலே ஆடும்.
அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் இன்று
சுவெட்டரை மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.
பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது.
லொறி ஏறியிருக்கிறது.
இலக்கம் இன்னும் நிற்கவில்லை.